நாலு விரல்கடை உயரம்

கண்ணைத் தொறக்காதீங்க சார். தொறந்தீங்கன்னா கை தானா ஹேண்டில்பாரைத் தேடிப் போயிடும். அது எங்க இருக்கோ அங்க போயி ஒட்டிக்கும், அப்புறம் இதுதான் எனக்கு வசதின்னு நீங்களே சொல்லுவீங்க. எல்லாரும் அப்படித்தான். நல்லா மூடிக்கிட்டு, முதுகை நேரா வச்சு, தோளைத் தொங்கப் போடுங்க. இன்னும் தொங்கட்டும். மேலதிகாரி முன்னாடி உக்காந்திருக்குற மாதிரி வேணாம், வீட்டுல சாப்பிட்டு முடிச்சுட்டு உக்காருவீங்கல்ல, அந்த மாதிரி. ஆங், அதான். இப்ப ரெண்டு கையையும் மெதுவா முன்னால நீட்டுங்க. முழங்கை லேசா மடங்கியே இருக்கட்டும். கை எங்க வந்து தானா நிக்குதோ, அதான் உங்க உயரம். அப்படியே இருங்க, டேப் வைக்கிறேன்.

இப்பத் தொறங்க. பாத்தீங்களா? உங்க கை இங்க நிக்குது, ஹேண்டில்பார் அங்க இருக்கு. நடுவுல ரெண்டு விரல்கடை. நேத்து ஓட்டிப் பாத்துட்டு வண்டி நல்லாயிருக்கு, ஆனா கையில என்னமோ உறுத்துதுன்னு சொன்னீங்களே, இந்த ரெண்டு விரல்கடைதான் உறுத்துது. உங்களுக்கு இது உசரம்.

இறக்கிடலாம் சார், இறக்குறது ஒண்ணும் பெரிய வேலை இல்ல. அவசரப்படாதீங்க. கடைக்குள்ள உக்காந்து பாக்குறப்ப எல்லா உயரமும் நல்லாத்தான் இருக்கும். செருப்புக் கடையில நாலடி நடந்து பாக்குற மாதிரிதான் இது, கடிக்கிறது மறுநாள்தான் தெரியும். தினம் எவ்வளவு நேரம் ஓட்டுவீங்க? அம்பத்திரண்டு நிமிஷமா! நல்லாக் கணக்கு வச்சிருக்கீங்க. அப்ப நாப்பதாவது நிமிஷத்துல உங்க கை பேச ஆரம்பிக்கும். ஹேண்டில்பார் தாழ்வா இருந்தா உடம்பு பாரம் பூரா மணிக்கட்டுல இறங்கும், சுண்டு விரல் மரத்துப் போகும். ரொம்ப உசரமா இருந்தா தோள் ரெண்டும் காதுக்கிட்ட ஏறிக்கும், கழுத்து பிடிச்சுக்கும், காத்து நேரா நெஞ்சுல மோதும். நடுவுல ஒரு இடம் இருக்கு. அது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே உயரமுள்ள ரெண்டு பேருக்குக்கூட ஒரே இடம் கிடையாது, ஒருத்தருக்குக் கை நீளம், ஒருத்தருக்கு முதுகு நீளம். அதனாலதான் நான் ஆள் வராம வண்டியை மட்டும் விட்டுட்டுப் போனா அளவு வைக்கிறதில்ல. இருவது வருஷமா இதைத்தான் செய்யுறேன்.

ஏன் சார், என் தலையைப் பாக்குறீங்க? பரவால்ல, சிரிங்க, எல்லாரும் சிரிக்கிறாங்க. சாமியாராப் போகப் போறியா, சினிமாவுல சேரப் போறியான்னு கேக்காத ஆள் இல்ல. எட்டு மாசம் ஆச்சு சார் முடி வெட்டி. எனக்குத் தெரிஞ்ச நாள்லேருந்து என் தலையில எங்கண்ணனைத் தவிர வேற யாரும் கத்திரி வச்சதில்ல. அவரு சலூன் வச்சிருக்காரு, பெரிய ரோட்டுல, ரெண்டு நாற்காலி. தொழில் கத்துக்கிட்டதே என் தலையிலதான். எனக்கு அப்ப எட்டு வயசு. ரெண்டு காதும் இன்னும் முழுசா இருக்குன்னா அது நான் செஞ்ச புண்ணியம். ஆனா கத்துக்கிட்டதுக்கப்புறம் சார், அந்தக் கை மாதிரி ஒரு கை கிடையாது. கத்தி கழுத்துல ஓடுறதே தெரியாது, உக்காந்தவன் தூங்கிடுவான்.

ஆமா, அவரோட வண்டிதான் இது. பதினோரு மணிக்கு வர்றேன்னிருக்காரு, வந்து பேப்பர்ல கையெழுத்துப் போட்டாருன்னா வண்டி உங்களுது. இப்ப மணி பத்தேகால்தானே. நேரம் இருக்கு. அதுக்குள்ள நான் கேபிளைப் பாத்துடுறேன், உயரத்தைக் கடைசியில வச்சுக்கலாம். கீழ இறங்குங்க சார். இந்த டேங்கைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தூக்கிப் பிடிக்கிறீங்களா? கை அழுக்காயிடுமோ? அந்தத் துணியைப் போட்டுப் பிடிங்க. நல்லது.

இடம் தாராளமா இருக்குங்கறீங்க. இப்பதான் சார் இப்படி. நீங்க நிக்கிறீங்கல்ல, அந்த இடத்துல ஒரு இரும்பு அலமாரி இருந்துச்சு, ஆள் உசரத்துக்கு. பழைய சாமானெல்லாம் அதுலதான் கிடக்கும். எட்டு மாசத்துக்கு முன்னாடி தூக்கி வெளிய போட்டுட்டேன். தனியாவே தூக்கினேன். எப்படித் தூக்கினேன்னு எனக்கே தெரியல.

இந்த உயரம் எங்கண்ணனுக்காக வச்சது. கம்பெனியில வந்ததைவிட நாலு விரல்கடை உசரம். அவரு நாள் பூரா கையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவரு. சாயங்காலம் கடையைச் சாத்திட்டு வண்டியில உக்காந்தா மறுபடியும் குனிஞ்சு, கையை நீட்டி, பாரத்தைக் கையில போட்டு ஓட்டணும். வீட்டுக்குப் போயி டம்ளரைப் பிடிச்சா டம்ளர் பிடிச்சதே தெரியலடாம்பாரு. அப்பவும் என்கிட்ட வந்து கேக்கல. தம்பி கடையில நாலு வண்டி நிக்கும், அவன் வேலை கெடும்னு நினைக்கிற ஆளு. அண்ணிதான் வந்து திட்டினாங்க. ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் அளந்து அளந்து வச்சுக் குடுக்குற, உங்கண்ணன் ராத்திரி கையைத் தலகாணி மேல தூக்கி வச்சுக்கிட்டுத் தூங்குறாரு, அது உனக்குத் தெரியுமான்னாங்க. தெரியாது சார். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி இருந்துச்சு.

மறுநாளே வரச் சொல்லி உக்கார வச்சேன். உங்களை உக்கார வச்ச மாதிரியேதான். கண்ணை மூடச் சொன்னேன். அவரு கண்ணை மூடினா தூங்கிடுவாரு, அது வேற கதை. கை வந்து நின்ன இடம் சரியா நாலு விரல்கடை மேல. அதுக்குத் தகுந்த ஹேண்டில்பார் வாங்கிட்டு வந்து மாட்டினேன். அவரு ஏறி உக்காந்து பாத்தாரு. கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டே இருந்தாரு. அப்புறம், டேய், இது என் கைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குடான்னாரு. அண்ணி பின்னாடி ஏறி உக்காந்து, உங்கண்ணனை ராஜாவாக்கிட்ட, இனிமே வீட்டுல பாத்திரம் கழுவச் சொல்ல முடியாதேன்னாங்க. இந்த வாசல்லதான். சிரிச்சுக்கிட்டே கிளம்பினாங்க.

டேங்கை இப்ப மெதுவா விடுங்க. ஆங். அந்த ஆணியில துணி சுத்தித் தொங்குது பாருங்க, அதை எடுங்க சார். ஆமா, கேபிள்தான். ஆக்சிலேட்டர் கேபிள். பழசு மாதிரி இருக்கா? இந்த வண்டியோடதுதான் சார், வேற வண்டியோடது இல்ல. குடுங்க. இந்த முனை முறுக்குற கிரிப்புக்குள்ள போகும், அந்த முனை இஞ்சின் பக்கம். நீங்க முறுக்குனா இதுதான் இழுக்கும், இது இழுத்தா வண்டி பாயும். அவ்வளவுதான் விஷயம்.

என்ன ஆச்சா? கிளம்பினாங்கன்னு சொன்னேன்ல. இந்தத் தெரு அகலம்தான் பாத்தீங்களே. அந்த மூலையில இடது பக்கம் முழுசா ஒடிச்சுத் திரும்பணும், அப்பதான் பெரிய ரோட்டுக்கு ஏற முடியும். மெதுவாத்தான் போனாரு. வேகமாப் போற ஆளே இல்ல அவரு, பின்னாடி சைக்கிள்காரன் மணி அடிச்சா வழி விடுவாரு. மூலையில போயி ஒடிச்சாரு. வண்டி உறுமிச்சு. எனக்கு இங்க கேட்டுச்சு. அப்படியே பாஞ்சு எதிர்ல இருக்குற சிமெண்ட் தூண்ல போயி மோதிடுச்சு. அண்ணனுக்கு இடது பக்கம் தோள்பட்டை எலும்பு. அண்ணிக்குக் கணுக்கால். நான் ஓடிப் போறப்ப அண்ணி ரோட்டுல உக்காந்துக்கிட்டு, செருப்பு ஒண்ணைக் காணோம்னு தேடிக்கிட்டு இருந்தாங்க. வலி தெரியல அவங்களுக்கு. அண்ணன் படுத்தபடியே வலது கையை மட்டும் தூக்கி அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

எலும்பு ஆறு வாரத்துல கூடிடுச்சு. அண்ணிக்குத்தான் கால் கொஞ்சம் தாங்கித் தாங்கி வருது. அதையும் அவங்க விளையாட்டாத்தான் சொல்லுவாங்க. முன்னெல்லாம் உங்கண்ணன் என்னை விட்டுட்டுப் பத்தடி முன்னாடி நடப்பாரு, இப்பதான் கூட நடக்குறாருன்னு. அண்ணி சிரிப்பாங்க. அண்ணன் எழுந்து உள்ள போயிடுவாரு.

வண்டியில கோளாறான்னு கேக்குறீங்க. கேப்பீங்க, வாங்கப் போறவரு, கேக்கணும். இதே கேள்வியைத்தான் அவரும் கேட்டாரு. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, மூணாவது நாள். வண்டியைப் பாத்தியாடா, ஏதாவது கோளாறா இருந்துச்சான்னாரு. வண்டி நல்லா இருக்குண்ணே, ஒரு கோளாறும் இல்லன்னேன். அப்ப என் கைதான்டா, நான் முறுக்கவே இல்ல, அதுவா முறுக்கிடுச்சுன்னாரு. நான் ஆரஞ்சுப் பழத்தை உரிச்சுக்கிட்டு இருந்தேன். உரிச்சுக்கிட்டே இருந்தேன்.

டாக்டர் எல்லாம் பாத்தாங்க சார். ஊசி வச்சு, சுத்தியல் வச்சுத் தட்டி, நரம்பெல்லாம் சோதிச்சு, கையில ஒண்ணும் இல்ல, அருமையான கைன்னுட்டாங்க. அவரு நம்பல. டாக்டருக்கு என்ன தெரியும், அன்னிக்கு வண்டியில இருந்தது நான்தானேன்னாரு. அதுக்கப்புறம் அவரு வலது கையைப் பாக்குற பார்வையே மாறிடுச்சு. ஒரு தடவை கடிச்ச நாயைப் பாப்போம்ல, அந்தப் பார்வை. மேஜை மேல வச்சு, அசையுதா அசையுதான்னு பாத்துக்கிட்டே உக்காந்திருப்பாரு.

அந்த ஸ்க்ரூடிரைவரைக் குடுங்க. சின்னது.

கட்டுப் பிரிச்சுக் கடையைத் தொறந்த அன்னிக்கு நான் போயிருந்தேன். முடி வெட்டிக்கத்தான். எனக்கு முன்னாடி வாத்தியார் ஒருத்தர், பதினஞ்சு வருஷமா அவர்கிட்டயே சவரம் பண்ணிக்கிறவரு, உக்காந்திருந்தாரு. நான் பக்கத்து நாற்காலியில. அண்ணன் துண்டைக் கட்டினாரு, நுரை போட்டாரு, கத்தியில புது பிளேடு மாட்டினாரு. எல்லாம் பழையபடிதான். வாத்தியார் கண்ணை மூடித் தலையைப் பின்னாடி சாச்சுக்கிட்டாரு. அண்ணன் கத்தியைக் கொண்டுபோயி காதுக்குக் கீழ வச்சாரு. வச்சவரு வச்சவருதான், அப்படியே நிக்கிறாரு. கத்தியும் நகரல, ஆளும் நகரல. எனக்குக் கண்ணாடியில தெரியுது. நெத்தியெல்லாம் வேர்வை. வாத்தியார் மூஞ்சியில நுரை காஞ்சு போச்சு சார். அப்புறம் கத்தியை எடுத்துக் கீழ வச்சுட்டு, துண்டால நுரையைத் துடைச்சு விட்டு, மன்னிச்சுக்குங்க சார், எதிர்க்கடையில பண்ணிக்குங்கன்னு சொன்னாரு. வாத்தியார் போனதுக்கப்புறம் என்கிட்ட திரும்பி, நீயும் போடான்னாரு. கழுத்துடா, வண்டின்னா தூண்ல மோதும், இது கழுத்துடான்னாரு.

அன்னிலேருந்து அவரு கத்தியும் தொடல, கத்திரியும் தொடல. ஒரு நாற்காலியில வேலைக்காரப் பையனை வச்சுப் பாத்தாரு, அவன் நிக்கல. நேத்து ஒரு ஆள் வந்து கடையையே கேட்டுட்டுப் போயிருக்கான். வண்டியை இன்னிக்குக் குடுத்துட்டா, கடையை ஒண்ணாந்தேதி குடுத்துடுவாரு. அப்புறம் அவரு என்ன செய்வாரு சார்? வீட்டுல உக்காந்து கையைப் பாத்துக்கிட்டு இருப்பாரு.

இல்ல சார், அவருக்குக் கைநடுக்கம் எல்லாம் கிடையாது. நான் சொன்னா நம்புங்க. அவரு கை நல்லா இருக்கு. எப்படித் தெரியும்னா... தெரியும்.

அந்த அலமாரி சொன்னேன்ல. நீங்க நிக்கிற இடத்துல இருந்த அலமாரி.

ஹேண்டில்பாரை ஏத்தினா அதோட ஓடுற கேபிளெல்லாம் நீளம் பத்தணும். இது என் கடையில சைக்கிளுக்குக் காத்தடிக்க வர்ற பிள்ளைக்குக்கூடத் தெரியும். பத்தலன்னா நீளமான கேபிள் வாங்கி மாட்டணும். கிளட்ச் கேபிள் பத்திச்சு. பிரேக் பத்திச்சு. ஆக்சிலேட்டர் கேபிள் மட்டும் இழுத்துப் பிடிச்ச மாதிரி நின்னுச்சு. ஆனா நின்னுச்சு, எட்டலன்னு சொல்ல முடியாது. சாமான் கடையில கேட்டேன், நீளக் கேபிள் வர ரெண்டு நாள் ஆகும்னாங்க. அண்ணனும் அண்ணியும் வந்துட்டாங்க, அண்ணி வாசல்ல நின்னு சிரிக்கிறாங்க, அவரு புதுப் பொம்மை வாங்கின பிள்ளை மாதிரி வண்டி மேல உக்காந்திருக்காரு. போதும், ஓடும், நீளக் கேபிள் வந்ததும் மாத்திக்கலாம்னு விட்டுட்டேன்.

சோதிக்காம விடல சார். அதை மட்டும் சொல்லாதீங்க. இஞ்சினைப் போட்டு வலது பக்கம் முழுசாத் திருப்பிப் பாத்தேன், சத்தம் மாறல. இடது பக்கம் திருப்பினேன். முக்கால்வாசி திரும்பிச்சு, கைப்பிடி போயி அலமாரியில முட்டிச்சு. அதுவரைக்கும் சத்தம் மாறல. மிச்சம் கால்வாசி. வண்டியை ரெண்டடி பின்னால இழுத்துட்டுத் திருப்பியிருக்கணும். ரெண்டே அடி. எவனோ ஒருத்தனோட வண்டியா இருந்தா இழுத்திருப்பேன். சொந்த அண்ணன் வண்டி, அவரு மேலயே உக்காந்திருக்காரு, இறங்குண்ணேன்னு சொல்ல ஒரு சோம்பல். அவ்வளவுதான் சார். ஒரு சோம்பல்.

இடது பக்கம் முழுசாத் திருப்பினா வலது கைப்பிடி முன்னால தள்ளிப் போகும்ல. கேபிள் நீளம் பத்தலன்னா அதுவே இழுத்துக்கும். யாரும் முறுக்க வேணாம். வண்டி தானா உறுமும்.

அவங்களை ஆட்டோவுல ஏத்தி அனுப்பிட்டு வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தேன். வாசல்லயே நிறுத்தி இஞ்சினைப் போட்டு இடது பக்கம் முழுசா ஒடிச்சேன். உறுமிச்சு. நேராக்கினேன், அடங்கிச்சு. மறுபடி ஒடிச்சேன், உறுமிச்சு. எத்தனை தடவை ஒடிச்சேன்னு தெரியல. அப்புறம்தான் அந்த அலமாரியைத் தூக்கிப் போட்டேன். அது என்ன பண்ணும் பாவம்.

ரெண்டாவது நாள் நீளக் கேபிள் வந்துச்சு. மாட்டிட்டேன். மூணாவது நாள் அவரு கேட்டாரு. வண்டி நல்லா இருக்குண்ணேன்னு சொன்னேன்ல, அது பொய் இல்ல சார். நான் சொன்ன அன்னிக்கு வண்டி நல்லாத்தான் இருந்துச்சு. இப்படித்தான் எட்டு மாசமா எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்கேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு சொல்லுவாங்க. நான் மறைச்சிருக்கேன், அவரு அதே சோத்தைத்தான் சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு.

சொல்லப் பாத்தேன் சார், சொல்லாம இல்ல. அந்த வாத்தியாரைத் திருப்பி அனுப்பின அன்னிக்குச் சாயங்காலம் அவரு வீட்டுக்கே போனேன். அண்ணே, தப்பு என் மேலண்ணே, கேபிள் சின்னது, நான்தான் பாக்கல, உன் கை இல்லன்னு சொன்னேன். முழுசா சொன்னேன். அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் என் தோள்ல தட்டி, விடுடா, எனக்காக நீ பொய் சொல்ல வேணாம், உன் தொழிலுக்குக் கெட்ட பேரு வந்துடப் போகுது, வெளிய எங்கயும் இப்படிச் சொல்லிடாதன்னாரு. அப்படித்தான் சார் அவருக்கு நினைக்கத் தெரியும். தம்பி அண்ணனுக்காகப் பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்குறான்னு நினைச்சுட்டாரு. அண்ணி எனக்கு டீ போட்டுக் குடுத்தாங்க. தாங்கித் தாங்கி நடந்து வந்து குடுத்தாங்க.

அப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நிம்மதியா இருந்துச்சு. அதான் சார் அசிங்கம். சொல்லியும் ஆச்சு, மாட்டிக்கவும் இல்லன்னு ஒரு நிம்மதி. அந்த டீயைக் குடிச்சேன் நான். இன்னும் வேணுமான்னு கேட்டாங்க, குடுங்கன்னு வாங்கிக் குடிச்சேன். அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. அவருதான் நம்பலையே, நான் என்ன பண்றதுன்னு எனக்கு ஒரு சாக்கு கிடைச்சுப் போச்சு. ஆறு மாசத்துக்கு மேல அந்தச் சாக்குல ஓட்டினேன். முடி மட்டும் வளந்துக்கிட்டே இருந்துச்சு. எதிர்க்கடையில போயி வெட்டிக்க முடியும், ஏன் முடியாது. தினம் காலையில கண்ணாடியில என் மூஞ்சியைப் பாக்குறப்ப இது ஒண்ணாவது உறுத்தட்டும்னு விட்டுட்டேன்.

நேத்து நீங்க வந்து ஓட்டிப் பாத்துட்டு, பிடிச்சிருக்கு, நாளைக்கு வர்றேன்னு சொன்னீங்கல்ல. அப்பதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இந்த வண்டி போயிடுச்சுன்னா அவ்வளவுதான், நீங்க ஹேண்டில்பாரை இறக்கிக்குவீங்க, அப்புறம் நான் எதைக் காட்டுவேன்?

ஆச்சு. மாட்டியாச்சு. இந்த டேங்கை மறுபடி கொஞ்சம் பிடிங்க, போல்ட்டைப் போட்டுடுறேன்.

நீளக் கேபிள்தானேன்னா கேக்குறீங்க? இதுவா? இல்ல சார், புதுக் கேபிள் அந்தத் தட்டுல கிடக்கு பாருங்க, அதைத்தான் கழட்டினேன். இது பழசு. அன்னிக்கு இருந்த அதே சின்னக் கேபிள். எட்டு மாசமா அந்த ஆணியில தொங்கிச்சு. தூக்கிப் போடணும் போடணும்னு நினைச்சேன், கை வரல. இவ்வளவு நேரம் நீங்க டேங்கைப் பிடிச்சுக் குடுத்தீங்களே, இதை மாட்டத்தான். கோவிச்சுக்காதீங்க. பயப்படவும் வேணாம், இதோட உங்ககிட்ட வண்டியைக் குடுக்க மாட்டேன். அந்த நீளக் கேபிளை மாட்டி, ரெண்டு விரல்கடை இறக்கி, உங்க கண் முன்னாடி ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பிக் காட்டித்தான் குடுப்பேன். குடுக்குறதா இருந்தா. அவரு குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டாருன்னா உங்களுக்கு இதைவிட நல்ல வண்டியா நானே தேடித் தர்றேன், அந்த அம்பத்திரண்டு நிமிஷத்துக்கு நான் பொறுப்பு. உங்க நேரத்தை வீணாக்கிட்டேன்னு நினைச்சா திட்டுங்க, ஆனா இப்பப் போயிடாதீங்க. மூணாவது மனுஷன் ஒருத்தர் பக்கத்துல நின்னா நான் பின்வாங்க மாட்டேன். தனியா விட்டீங்கன்னா மறுபடி டீ குடிச்சுட்டு வந்துடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

அதோ, மூலையில திரும்பிட்டாங்க. அண்ணியும் வர்றாங்க. அவரு கையைப் பாருங்க, பாக்கெட்டுக்குள்ள. வெளிய எடுக்கவே மாட்டாரு. சார், நீங்க அந்தப் பழைய அலமாரி இடத்துலயே நில்லுங்க. வண்டியை ரெண்டடி பின்னால இழுத்துக்குறேன். சென்டர் ஸ்டாண்ட் போட்டுடுறேன், எங்கயும் பாயாது.

வாண்ணே. வாங்கண்ணி, அந்த ஸ்டூல்ல உக்காருங்க. பேப்பர் இருக்குண்ணே, கையெழுத்து அப்புறம் போடலாம். இவருதான் வாங்க வந்தவரு. கடைசியா ஒரு தடவை ஏறி உக்காருண்ணே. எனக்காக உக்காரு. இஞ்சின் ஓடட்டும், கியர்ல இல்ல, ஸ்டாண்ட்லதான் நிக்குது. இல்லண்ணே, நீ எதையும் பிடிக்க வேணாம். கையை வெளிய எடுத்து, ரெண்டையும் மடியில வச்சுக்க. வலது கையையும்தான். அதையே பாத்துக்கிட்டு இரு, அசையுதான்னு பாரு. நான் ஒத்தை விரலால இடது பக்கம் திருப்புறேன்.

சத்தத்தை மட்டும் கேளுண்ணே.